வீட்டுக்கு வந்து எடுக்கும் ப்ரோ பிஎன்பி பரிசோதனை: எது காசுக்குத் தகும், எது தகாது

இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தால் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை, உள்ளவர்களுக்கென்று ஒரு பேக்கேஜ் போட்டு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்துத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். என் கணவருக்கு 66 வயது. அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மாரடைப்பு வந்து போன பிறகு ஹார்ட் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 20 சதவீதத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவள். எண்களைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. ஆனால் ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வது என்று யாராவது சொல்லித் தர வேண்டும். அதைச் சொல்லாமலே இந்த எண்ணை விற்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டை. லேபின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் பல லேப்களுக்கும் பொதுவானவை. நிறைகளோ, ஒரு கிளையில் வேலை பார்க்கும் ஓரிரு பிள்ளைகளின் கைப்பக்குவம்.

சின்ன பேக்கேஜ் 3,200 ரூபாய். அதில் என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்துக்கு எவ்வளவு சுமை என்று காட்டும் ரத்தப் புரதம், தலைப்பில் சொன்ன ப்ரோ பிஎன்பி இதுதான்), சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின், ரத்த அணுக்கள் எண்ணிக்கை எல்லாம் வரும். பெரியது 9,800 ரூபாய். அதில் இவற்றோடு ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்), எஸ்டி2, கேலக்டின்-3 (ஆபத்தைக் கணிக்கப் பார்க்கும் வேறு இரண்டு புரதங்கள்), கொழுப்பு, யூரிக் அமிலம் என்று ஒரு நீளமான பட்டியல். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னது கொடுக்கும் காசுக்குத் தகும். பெரியதை டாக்டர் கேட்டாலொழிய வாங்க வேண்டாம். ரத்தம் எடுக்கும் ஆட்கள் அருமை. ரிப்போர்ட்டை அனுப்பும் விதம் மோசம்.

இந்த நோயாளியை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், லேபுக்கு அழைத்துப் போவதே ஒரு பெரிய வேலை. படி ஏறினால் மூச்சு வாங்கும். காத்திருக்கும் இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிவிடும். காலையில் நீர் மாத்திரை போட்டிருந்தால் பாத்ரூம் எங்கே என்று தேட வேண்டும். ஆகவே வீட்டுக்கு வருவதற்காகக் கூடுதலாக வாங்கும் 150 ரூபாயில் எனக்குப் புகார் இல்லை.

எங்களுக்கு வரும் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வந்ததும் பையைத் திறக்க மாட்டான். "அண்ணாச்சி, படுக்க வேண்டாம், சாய்ஞ்சு உட்காருங்க போதும்" என்பான். இவரால் தட்டையாகப் படுக்க முடியாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தலைமாட்டில் மூன்று தலையணை இருப்பதைப் பார்த்தே புரிந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஊசி போட்டு, இவரது இரண்டு முழங்கை நரம்புகளும் கெட்டிப்பட்டுவிட்டன. அவன் முழங்கையை விட்டுவிட்டு, ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் புறங்கையில் கொஞ்ச நேரம் சுற்றி வைப்பான். நரம்பு எழும்பியதும் பட்டர்ஃப்ளை ஊசியால் எடுப்பான். ரத்தம் வர ஆரம்பித்த உடனே கையில் கட்டிய பட்டையைத் தளர்த்திவிடுவான். மஞ்சள் மூடி டியூப் ஒன்று, ஊதா மூடி டியூப் ஒன்று. குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, பெயரையும் நேரத்தையும் எங்கள் கண் முன்னாலேயே லேபிளில் எழுதி, ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டுவான். இவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் பஞ்சை அவனே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்தப் பக்குவம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். இதற்கு முன் வேறொரு லேபில் எடுத்தோம். அங்கே வந்தவர் நரம்பு கிடைக்காமல் சிரிஞ்சால் இழுத்து இழுத்து எடுத்தார். அன்று மாலை பொட்டாசியம் 6.1 என்று ரிப்போர்ட் வந்தது. இந்த வியாதிக்குக் கொடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே ஈசிஜி எடுத்து, திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 4.6. முதல் ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில், சாம்பிளில் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று போட்டிருந்தது. அணு உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும். அதைப் பார்த்த லேப்காரர்கள் ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, மறுபடி எடுக்க ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நோயாளி அந்த இரவு முழுவதும் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்.

இந்தத் தம்பி கேட்கும் இன்னொரு கேள்வியும் எனக்குப் பிடிக்கும். "முடி கொட்டுறதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா, பயோட்டின் இருக்கிற மாதிரி?" சில மெஷின்களின் ரசாயன முறையில் பயோட்டின் என்ற வைட்டமினும் ஒரு பங்கு. உடம்பில் அது அளவுக்கு மிஞ்சி இருந்தால் ப்ரோ பிஎன்பி, ட்ரோபோனின் இரண்டும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. முடிக்கும் நகத்துக்கும் என்று மருந்துக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் மாத்திரைகளில் இது 5, 10 மில்லிகிராம் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் இதைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒரே லேப் இதுதான்.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன்.

இதயத்தின் கீழறைச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது அந்தத் தசை செல்களே ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. 108 அமினோ அமிலங்கள் கொண்ட அது இரண்டு துண்டாக வெட்டுப்படுகிறது. 32 உள்ள துண்டு பிஎன்பி. உடம்பில் வேலை செய்வது அதுதான்: உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்தைத் தூண்டும், ரத்தக் குழாயைத் தளர்த்தும். மீதி 76 உள்ள துண்டு என்டி-ப்ரோபிஎன்பி. அதற்கென்று தனி வேலை எதுவும் தெரியவில்லை. ஆனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும், டியூபிலும் சீக்கிரம் கெடாது. 1988-இல் ஜப்பானில் சுதோ, கங்காவா, மட்சுவோ என்ற ஆராய்ச்சியாளர்கள் பிஎன்பியை முதலில் பன்றியின் மூளையில் கண்டெடுத்தார்கள். அது முக்கியமாகச் சுரக்கும் இடம் இதயம் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. இதை அளப்பது பிகோகிராமில், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான ஒன்றை இரண்டு டியூப் ரத்தத்தில் பிடித்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பிஎன்பியும் என்டி-ப்ரோபிஎன்பியும் ஒன்றல்ல. எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. சாக்குபிட்ரில்-வல்சார்டன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்டி-ப்ரோபிஎன்பிதான் எடுக்க வேண்டும். 2023-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் அதைத் தயாரிக்க ஆரம்பித்த பிறகு நம் ஊரிலும் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். அந்த மாத்திரை பிஎன்பியை உடைக்கும் நொதியைத் தடுக்கிறது. ஆகவே இதயம் தேறிக்கொண்டிருந்தாலும் பிஎன்பி எண் ஏறி நிற்கலாம். என்டி-ப்ரோபிஎன்பியை அந்த நொதி தொடுவதில்லை. எங்கள் லேபின் ஆப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, பிஎன்பி 600 ரூபாய் குறைவு. எது யாருக்கு என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. சென்னையில் இருந்து என் மகன் புக் செய்தபோது விலை குறைவாக இருப்பதைத்தான் அமுக்கினான். வந்த தம்பி மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, கிளைக்கு ஃபோன் போட்டு மாற்றச் சொன்னான்.

இப்போது எண்கள். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இவருக்கு 11,240. வீட்டுக்கு அனுப்பும்போது 5,310. மாத்திரை அளவைக் கூட்டி, நிலைமை கொஞ்சம் நிதானப்பட்டதும் 3,680. அடுத்து 4,050. ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் எதிரே 125-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்து, எண்ணைச் சிவப்பில் போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி.

அந்த 125 எங்களுக்கான எல்லையே அல்ல. மூச்சு வாங்குகிறது என்று வரும் ஒருவருக்கு இதயச் செயலிழப்பு இருக்குமா இருக்காதா என்று முதன்முதலில் பிரித்துப் பார்க்க வைத்த எல்லை அது. நோய் முற்றியவருக்கு அதைக் காட்டுவதால் ஒரு பயனும் இல்லை, வயிற்றில் புளியைக் கரைப்பதைத் தவிர. 3,680 பார்த்து நான் அழுதேன். டாக்டரோ அன்று முகம் மலர்ந்து, "பாதிக்கு மேல இறங்கியிருக்கும்மா, நல்லது" என்றார். அடுத்து 4,050 பார்த்து, ஏறிவிட்டதே என்று நான் தவித்தபோது, "இது ஏத்தமே இல்ல" என்றார். ஒரே ஆளுக்கு, உடம்பில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் இந்த எண் நாளுக்கு நாள் ஆடும். ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். 3,680-இல் இருந்து 4,050 என்றால் 10 சதவீதம்தான். இந்த ஒரு கணக்கை ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டு வரி போட்டிருந்தால் எத்தனை வீடுகளில் ராத்திரி தூக்கம் கெடாமல் இருந்திருக்கும்!

வயது கூடினால் எண் கூடும். சிறுநீரகம் பழுதானால் கூடும். துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் கூடும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு, நோய் கடுமையாக இருந்தாலும் எண் குறைவாகக் காட்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் 1,500-ஐயும் இவரது 4,000-ஐயும் வைத்து யார் தேவலை என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இவருக்கு 1.9. அந்த 4,000-இல் சிறுநீரகத்தின் பங்கும் இருக்கிறது.

எல்லாருக்கும் மனசுக்குள் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நாள்? லேபின் விளம்பரத்திலும் ஆயுளைக் கணிக்க உதவும் பரிசோதனை என்று இருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. 2003-இல் இந்தர் ஆனந்த் என்ற இதய மருத்துவரும் அவரது குழுவும், வால்-ஹெஃப்ட் என்ற பெரிய ஆய்வில் இருந்த 4,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பிஎன்பியை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். எண் நன்றாக இறங்கியவர்களில் இறப்பு குறைவு, ஏறியவர்களில் அதிகம். அதற்குப் பிறகும் பல நாடுகளில் இதே முடிவு வந்திருக்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. எங்கள் டாக்டர் சொன்னது: "இது நாள் குறிக்கிற ஜாதகம் இல்லம்மா. எந்தப் பக்கம் போகுதுன்னு காட்டும், அவ்வளவுதான்."

எண்ணை இறக்குவதையே குறியாக வைத்துக்கொண்டால் ஆயுள் கூடுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். கைட்-இட் என்ற ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 894 பேர். ஒரு பாதியினருக்கு என்டி-ப்ரோபிஎன்பியை 1,000-க்குக் கீழே கொண்டுவருவதே இலக்கு. மறு பாதிக்கு வழக்கமான வைத்தியம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்து பாதியிலேயே நிறுத்தினார்கள். 2022-இல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் வேறு மாதிரி. டிஸ்சார்ஜ் ஆனவுடனே அடிக்கடி வரவழைத்து, உடம்பையும் ரத்தத்தையும் சோதித்து, இதே என்டி-ப்ரோபிஎன்பியையும் ஒரு பாதுகாப்புக்குப் பார்த்துக்கொண்டு, மாத்திரைகளை விரைவாக முழு அளவுக்கு ஏற்றினார்கள். 1,078 பேரில் நடந்த அந்த ஆய்வில், 180 நாளுக்குள் இறந்தவர்களும் இதயச் செயலிழப்புக்காகத் திரும்ப அட்மிட் ஆனவர்களும் சேர்த்து 15.2 சதவீதம். வழக்கமான வைத்தியத்தில் அது 23.3 சதவீதம். காப்பாற்றியது மாத்திரையும் கவனிப்பும். ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் சொருகிவிட்டு, அடுத்த மூன்று மாதம் டாக்டரைப் பார்க்காமல் இருந்தால் 3,200 ரூபாய் வீண்.

இனி அந்த 9,800 ரூபாய் பேக்கேஜ். மகனின் மனசு கேட்கவில்லை, அதையும் ஒரு தடவை எடுத்தோம். எஸ்டி2 எண் 61 வந்தது. 35 நானோகிராமுக்கு மேல் போனால் ஆபத்துக் கூடுதல் என்பது கணக்கு. வயதும் சிறுநீரகமும் எஸ்டி2-வை அதிகம் குழப்புவதில்லை, அது அதன் பலம். கேலக்டின்-3 இதயத் தசையில் தழும்பு கட்டுவதோடு தொடர்புள்ளது, ஆனால் சிறுநீரகம் பழுதானால் அதுவும் ஏறும். அமெரிக்க இதய அமைப்புகளின் 2013 வழிகாட்டுதலில் இந்த இரண்டையும் செய்து பார்க்கலாம் என்ற அளவில்தான் வைத்தார்கள். எங்கள் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஆபத்து அதிகம்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. இதை வெச்சு நான் எந்த மாத்திரையையும் மாத்தப் போறதில்ல" என்றார். மாத்திரை மாறாத ஒரு எண்ணுக்கு 6,600 ரூபாய் கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்? ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்தில் அது ஒரு மாத மருந்துச் செலவு.

அதே பேக்கேஜில் ட்ரோபோனினும் சிவப்பில் வந்தது. மறுபடி மாரடைப்பு என்று நினைத்து மகன் சென்னையில் இருந்து பஸ் ஏறிவிட்டான். முற்றிய இதயச் செயலிழப்பில் ட்ரோபோனின் எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். தசை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாவதன் அடையாளம் அது. மாரடைப்பில் அது சில மணி நேரத்துக்குள் மளமளவென்று ஏறும். நெஞ்சு வலி, வியர்வை எதுவும் இல்லாதவருக்கு வீட்டில் வைத்து இதை எடுத்து அனுப்பினால் குடும்பம் என்ன ஆகும் என்று பேக்கேஜ் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும், டாக்டர் முதலில் விரல் வைத்தது பேக்கேஜில் விலை குறைந்த வரிகளில். சோடியம் 128. யூரியா, கிரியேட்டினின். ஹீமோகுளோபின் 11.2. கொழுப்பு 104, அதற்குப் பக்கத்தில் லேப் ஒரு பச்சை டிக் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். டாக்டரோ, "சாப்பாடு எப்படி இறங்குது? எடை குறையுதா?" என்று கேட்டார். மற்றவர்களுக்குக் கொழுப்பு குறைந்தால் நல்லது. நோய் முற்றியவர்களிடம் அது மிகவும் இறங்கினால் உடம்பு உருகுகிறது என்று பொருளாக இருக்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெய்ன் லெவி குழு 2006-இல் உருவாக்கிய சியாட்டில் இதயச் செயலிழப்புக் கணிப்பு முறையில், வயது, பம்பிங், ரத்த அழுத்தம், மாத்திரைகள் இவற்றோடு ரத்தத்தில் பார்ப்பது ஹீமோகுளோபின், லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை), யூரிக் அமிலம், கொழுப்பு, சோடியம் ஆகிய ஐந்துதான். எல்லாம் எந்தச் சின்ன ஊர் லேபிலும் எடுக்கக்கூடியவை. அந்தக் கணிப்புக்கும் குறை உண்டு. மிகவும் முற்றியவர்களின் ஆபத்தை அது குறைத்தே காட்டும். ஆனாலும் எஸ்டி2-வுக்குக் காசு இல்லையே என்று ஏங்கும் எந்தக் குடும்பமும் எதையும் இழந்துவிடவில்லை.

சோடியம் பற்றி இன்னொரு வார்த்தை. 128 என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் உப்பைக் கூட்டிப் போடச் சொன்னார்கள். இந்த வியாதியில் சோடியம் இறங்குவது பெரும்பாலும் உடம்பில் நீர் மிஞ்சிப்போவதால். உப்பைக் கூட்டினால் தாகம் கூடும், நீர் இன்னும் சேரும், மூச்சு முட்டும். எங்களுக்கு டாக்டர் குடிக்கும் தண்ணீரைத்தான் குறைத்தார். ரிப்போர்ட்டில் குறைவு என்று மட்டும் போட்டு அனுப்பும் லேப், உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பேக்கேஜில் இல்லாத ஒன்றுதான் உண்மையில் இவருக்கு உதவியது. உடம்பில் இரும்புச் சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டும் டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்தார், 1,100 ரூபாய். ஃபெரிட்டின் 64. சாதாரணமானவர்களுக்கு இது சரியான அளவுக்குள் வரும். லேபும் பச்சை டிக் போட்டது. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு 100-க்குக் கீழே இருந்தாலே இரும்புச் சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 100-இல் இருந்து 299 வரை இருந்து, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் குறைவுதான். வாய்வழி இரும்பு மாத்திரை இவர்களுக்கு அவ்வளவாகப் பலன் தருவதில்லை. நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள். அதற்குப் பிறகு இவர் தெருமுனை டீக்கடை வரை நின்று நின்று நடந்து போய்விட்டு வந்தார். அங்கே பழைய டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னார். பேக்கேஜ் போடுகிறவர்கள் கேலக்டினை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் சேர்த்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ரிப்போர்ட் அனுப்பும் விதம் என்று சொன்னேன். பெரும்பாலும் ராத்திரி 11 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வரும். ஒருமுறை 8,900 என்று வந்தது. முந்தைய எண் 4,050. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. யாரும் ஃபோன் செய்யவில்லை. கஸ்டமர் கேர் எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண், "ரிப்போர்ட் பத்தி நாங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா, உங்க டாக்டரைப் பாருங்க" என்றாள். அந்தப் பெண் மேல் தவறில்லை. ஆனால் இப்படி ஏறிய எண்ணை ஒரு மருத்துவர் பார்த்து, மறுநாள் காலை நோயாளி வீட்டுக்கோ அவரது டாக்டருக்கோ ஒரு ஃபோன் போடும் ஏற்பாடு வேண்டும். முந்தைய எண்கள் எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கேட்டால் வரைபடம் போட்டுத் தருகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. அதையே முதல் பக்கத்தில் போட்டால் டாக்டருக்கும் நேரம் மிச்சம்.

அந்த 8,900 எங்களுக்கு ஒரு பேச்சைத் தொடங்கி வைத்தது. அதற்காகவே இந்தப் பரிசோதனைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எண் ஏறியது, சோடியம் இறங்கியது, மேல் ரத்த அழுத்தம் 88-க்கு வந்து மாத்திரைகளைக் குறைக்க வேண்டியதானது, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த டாக்டர், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நான் வேறு பேச்சுக்குத் திருப்பப் பார்த்தேன். இவர்தான், "எனக்குத் தெரியணும், சொல்லுங்க டாக்டர்" என்றார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-இல் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்றும், ஐந்து ஆண்டுகளில் 59 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள் என்றும் டாக்டர் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் இதய வைத்தியத்துக்கு வழக்கமாகப் போகும் ஊர் அது. அமெரிக்கக் கணக்கைக் கேட்பதைவிட அது நெஞ்சில் பதிந்தது. உங்களுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது, ஆனால் இனி திட்டமிட்டுப் பேச வேண்டிய கட்டம் என்றார்.

பேசினோம். மாற்று இதயத்துக்குப் பதிவு செய்ய முடியுமா என்று பரிசோதிக்கச் சென்னைக்குக் கடிதம் கொடுத்தார். சிறுநீரகம் இருக்கும் நிலையில் அது கைகூடுவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று இவரையே கேட்டார். இவர் வேண்டாம் என்றார். மூச்சு முட்டினால் வீட்டிலேயே நீர் மாத்திரையை எந்த அளவுக்குக் கூட்டலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. இவர் வீட்டுக்கு வந்ததும் ஓய்வூதியப் புத்தகத்தையும் வங்கி நாமினி விவரங்களையும் எடுத்து வரச் சொல்லி, மகனை உட்கார வைத்துக் காட்டினார். இப்படி உட்கார்ந்து பேச ஒரு டாக்டர் இல்லாத இடத்தில், இந்தப் பரிசோதனை வெறும் பயத்தைத்தான் விற்கும்.

அடுத்த ரத்தம், நீர் மாத்திரையை மாற்றி இரண்டு வாரம் கழித்து. அதே கிளை, அதே மெஷின். லேப் மாறினால் முறையும் மாறும், பழைய எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லாமல் போகும். சின்ன பேக்கேஜ் மட்டும், கூடவே ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும். சின்ன பேக்கேஜுக்கு வெறும் வயிறு தேவையில்லை, காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துவிட்டு எடுக்கலாம். புக் செய்யும்போது காலை 9 மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். அதற்குள் நீர் மாத்திரையின் வேகம் அடங்கியிருக்கும், நோயாளி பதறாமல் உட்காருவார். பிடிஎஃப்பை எனக்கு அனுப்ப வேண்டாம், டாக்டரின் கிளினிக் எண்ணுக்கு அனுப்புங்கள் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்டால் அப்படியும் செய்கிறார்கள்.